ஏட்டையா வேண்டாம் என்ற எண்ணெய்

மாமா போய்விட்டார் என்று என் வீட்டுக்காரர் போன் செய்தபோது, தென்காசியில் மருந்துக்கடையில் மாமாவுக்கு டயப்பர் வாங்கிக்கொண்டு நின்றேன். நான் முதலில் கேட்டது, "வீட்டுக்கு யாரு வந்தா?" என்றுதான். "யாரும் வரல. இட்லி சாப்பிட்டாரு, கண்ணசந்தாரு, அப்படியே போயிட்டாரு" என்றார். நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாமாவின் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மேலகரத்தில் ஏட்டையா என்றால்தான் அவரைத் தெரியும். போலீசிலிருந்து ரிட்டயர் ஆனவர். உங்களில் பலர் அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். நான் அவருடைய இளைய மருமகள். அதிகம் படிக்காதவள். இடுப்பெலும்பு முறிந்து அவர் படுத்ததிலிருந்து பார்த்துக்கொண்டவள்.

படுத்த புதிதில் கூப்பிட்டுச் சொன்னார்: "செல்வி, என் தலையில எவனும் எண்ணெய் வைக்கக் கூடாது." எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். எழுந்திருக்க மாட்டாத பெரியவர்களை, இனித் தேறாது என்று வீட்டார் முடிவு கட்டிவிட்டால், தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிரக் குளிரக் குளிப்பாட்டி, இளநீர் கொடுப்பது சில ஊர்களில் வழக்கம். காய்ச்சல் வந்து கதை முடிந்துவிடும். "எத்தனை வீட்டுல பாத்திருக்கேன். எல்லாரும் அழுவான். ஒருத்தனும் ஸ்டேஷனுக்கு வரமாட்டான்" என்றார்.

"நான் அப்படிச் செய்வேனா மாமா?"

"உன்னையும் சேத்துத்தான் சொல்லுதேன். கெட்டவன் செய்யுத வேலையில்ல அது. அலுத்துப்போன கைதான் எண்ணெய எடுக்கும்."

அன்று அடுப்படியில் போய் அழுதேன். மூத்திரத் துணி அலசுகிற கையைப் பார்த்து இப்படிச் சொல்கிறாரே என்று. அதன்பிறகு எங்கள் வீட்டுக்குள் இளநீர் வந்ததில்லை. சித்திரை வெயிலிலும் நாங்கள் தெருமுனைக்குப் போய்த்தான் குடித்துவிட்டு வருவோம்.

போன சாரல் சீசனுக்கு மதுரையிலிருந்து பெரிய அத்தான், என் வீட்டுக்காரருடைய அண்ணன், காரில் வந்தார். கட்டிலில் உட்கார்ந்து மாமாவின் காலைத் தடவிக்கொண்டே, "அப்பா, குற்றாலத்துல தண்ணி நல்லா விழுது. எண்ணெய் தேச்சு ஒரு குளி குளிச்சா மேலு லேசாயிரும். நாங்க தூக்கிட்டுப் போயிருவோம்" என்றார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் முன்னமே பேசிவைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

மாமா சிரித்தார். "நல்ல யோசனைலே. உனக்கும் வயசாகுது, சுகரு வேற. முதல்ல நீ தேச்சுக் குளி. நாளைக்கு நீ எந்திரிச்சா நான் வாரேன்."

"பெத்த அப்பாவக் கொல்லுவனா நான்?"

"கொல்லுவேன்னு நான் சொல்லலயே. நீதான சொல்லுத."

பெரிய அத்தான் நிஜமாகவே ஆசையாகக் கூப்பிட்டாரோ என்னவோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் ஊர் திரும்பும்வரை நான் கட்டிலை விட்டு நகரவில்லை. "இப்பதான் நீ போலீசு" என்றார் மாமா.

காரியம் முடிந்த மறுநாள் சுரண்டையிலிருந்து மதினி போன் செய்தாள். அண்ணன் வீட்டில் இருக்கும் என் அம்மாவும் இப்போது படுக்கையில்தான். "அத்தைக்கு மேலெல்லாம் சூடு. நாளைக்கு எண்ணெய் தேச்சு ஊத்தலாம்னு இருக்கேன்" என்றாள்.

"நான் வருதேன் மதினி. அதுவரைக்கும் தொடாதீங்க."

"என்னையவா சந்தேகப்படுத?"

"ஆமா மதினி."

"அப்ப நீயே வந்து பாரு. எனக்கு முதுகு ஒடிஞ்சு போச்சு. கண்ண மூடியே நாளாச்சு."

"அதுக்குந்தான் வருதேன்."

ஏட்டையா யாரையும் நம்பாத மனுஷன் என்று உங்களிடம் யாராவது சொன்னால், ஆமாம் என்று சொல்லுங்கள். அதனால்தான் அவர் சாவு அவருடைய சாவாக இருந்தது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதும் அந்தச் சந்தேகத்தைத்தான். இதை அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுத்த அறையில் மதினி தூங்குகிறாள். மத்தியானச் சோற்றுக்குக்கூட நான் எழுப்பவில்லை.