மாஜிஸ்திரேட் கேட்ட கேள்வி

தொண்டாமுத்தூருக்கு மேற்கே வெண்டையும் தக்காளியும் போட்டுப் பிழைத்து வந்தார் தெய்வாத்தாள். கணவர் போன பிறகு மகன் மனோஜ்குமார்தான் துணை. தோட்டத்துக் காயைத் தன் சரக்கு ஆட்டோவில் ஏற்றி உக்கடம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவான்.

அப்போது அந்தப் பக்கம் கிணற்று மோட்டார் ஒயர்கள் அடிக்கடி திருட்டுப்போயின. ஒருநாள் காலையில் போலீசார் வந்து வீட்டைச் சோதனை போட வேண்டும் என்றார்கள்.

"தாராளமாப் பாருங்க. எங்க ஊட்டுல என்னங்க இருக்குது" என்று கதவை அகலத் திறந்துவிட்டு, டீ போடப் போனார் தெய்வாத்தாள்.

ஆட்டுக் கொட்டகையில் ஒரு சுருள் செம்புக் கம்பி கிடந்தது. தங்கள் மோட்டார் எரிந்தபோது கழற்றிப் போட்டது. அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கம்பியையும் மகனையும் கொண்டுபோய்விட்டார்கள். எதற்காகக் கைது, எடுத்த பொருளுக்கு எழுதிய பட்டியலின் நகல் எங்கே என்று கேட்கலாம் என்பது அவருக்குத் தெரியாது.

மறுநாள் கோர்ட்டு வராந்தாவில் மகனைப் பார்த்தார். இடது கை வீங்கி, முழுக்கைச் சட்டைக்குள் மறைந்திருந்தது. கூட வந்த ஏட்டு மெதுவாகச் சொன்னார்: "ஏனுங்கம்மா, உள்ள எது கேட்டாலும் இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க. பெயில் சீக்கிரம் ஆயிரும்."

அவர் அதை நம்பினார். "கண்ணு, இல்லீங்கன்னு சொல்லிப்போடு. ஊட்டுக்குப் போயிரலாம்."

"போலீஸ் அடிச்சாங்களா?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

மனோஜ்குமார் வாசலில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். "இல்லீங்க."

"வக்கீல் வேணுமா?"

"இல்லீங்க."

அன்றே ரிமாண்ட். இலவச சட்ட உதவி மூலம் பிரவீனா என்ற வக்கீல் கிடைத்து ஜாமீன் வாங்குவதற்குள் ஆடி போய் ஐப்பசி வந்துவிட்டது.

வழக்கு கடைசியில் நிற்கவில்லை. சோதனையை வீடியோ எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. ஒயரைப் பறிகொடுத்தவராலும் அந்தக் கம்பி தன்னுடையதுதான் என்று சொல்ல முடியவில்லை. விடுதலை என்றார்கள்.

ஆனால் மகனின் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. அதற்காகக் கொடுத்த புகார் எங்கும் எடுபடவில்லை.

"அன்னிக்கு அவரே இல்லைன்னு சொல்லியிருக்கார்ங்க. அந்தக் கேள்வியே அவரைக் காப்பாத்தத்தானுங்கம்மா கேக்கறது" என்றார் பிரவீனா. குற்றம் சொல்லும் தொனியே அந்தக் குரலில் இல்லை. தெய்வாத்தாள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்.

ஆட்டோவை விற்றுவிட்டு மனோஜ்குமார் கொடுமுடியில் ஒரு உரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். ஒருமுறை வந்திருந்தபோது, சோறு போட்டுக்கொண்டே அவர் கேட்டார்:

"நானு அப்படிச் சொல்லாம இருந்திருந்தா, நீ சொல்லியிருப்பியா கண்ணு?"

அவன் தட்டிலிருந்து நிமிராமலே சாப்பிட்டான். "இல்லீம்மா. எனக்கும் பயந்தான்."

பொய் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க மாட்டான் என்பது பெற்றவளுக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார்.