சாவுக்கு முந்தி விரித்த துண்டு

என் வீட்டுக்காரர் ஞானப்பிரகாசத்தைக் காப்பாற்றச் சொல்லி நான் மாதாவிடம் அழுத அழுகை உங்களில் பலருக்குத் தெரியும். நம் கோயிலில்தான் அழுதேன். அவர் பிழைக்கவில்லை. அப்படியிருக்க, வேண்டுதல் பலித்தது என்று சொல்ல இவள் ஏன் எழுந்து வந்தாள் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

ரப்பர் விலை விழுந்த வருஷம் அது. பினாங்குக் கடைத்தெருவில் வேலுப்பிள்ளை அண்ணனிடம் அவர் தையல் வேலை பார்த்தார். முதலாளி என்று பேர்தான். அண்ணனிடம் இருந்தது இரண்டே மிஷின். தைத்தால் கூலி, படுத்தால் கிடையாது. வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணிகளுக்குக் கம்பெனி டாக்டர் உண்டு. எங்களுக்கு யார்?

பாஸ்காத் திருநாளுக்கு முந்தின தபசு காலம் தொடங்கியபோது இவருக்குக் காய்ச்சல் கண்டது. அதோடேயே மிஷினை மிதித்தார். "பாஸ்காவுக்குள்ள துணியெல்லாம் குடுக்கணும் சவரி, அப்புறம் படுத்துக்கறேன்" என்று என்னிடம் சொன்னார். டாக்டரைக் கூப்பிட என்னிடம் காசில்லை. அண்ணனிடமும் இல்லை. பாவம், அவரே கடை வாடகைக்குத் திண்டாடிக்கொண்டிருந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது நெஞ்சில் சளி கட்டியிருந்தது. பாஸ்கா வருமுன்னே போய்விட்டார்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். யாராவது செத்தால் ஒரு துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு கடை கடையாகப் போவார்கள். இந்து, முஸ்லிம், வேதக்காரர் என்று பார்க்கமாட்டார்கள். இல்லாதவனும் போடுவான். அன்றும் வேலுப்பிள்ளை அண்ணன் கையில் துண்டு கனத்துப்போய் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இம்புட்டும் போன வாரம் எங்கண்ணே இருந்துச்சு? அவரு இருமினது தெருவுக்கே கேட்டுச்சே!"

பெட்டிக்கும் குழிக்கும் ஆனது போக மிச்சத்தை நான் தொடவில்லை. "அடுத்து யாரு படுக்குறாங்களோ அவங்களுக்கு வைங்க" என்றேன். கோபத்தில் சொன்னதுதான், தர்மம் என்று நினைக்காதீர்கள். மாதாவிடமும் சண்டை போட்டேன். இனி இந்தத் தெருவில் ஒருத்தியும் என்னைப் போல உட்காரக் கூடாது, அதையாவது கேளம்மா என்றேன். அதன் பிறகு பூசைக்கே வரவில்லை.

வேலுப்பிள்ளை அண்ணன் அந்த மிச்சத்தை எடுத்துக்கொண்டு டத்தோ கிராமாட் ரோட்டில் ஒரு டாக்டரிடம் போனார். ஒரே கடைக்காக மாதக் கணக்கில் வைத்தியம் பார்க்க முடியாது, தெருவே சேர்ந்து வந்தால் பார்க்கலாம் என்றார் டாக்டர். அண்ணன் திரும்பி வந்து அதே துண்டைக் கையில் எடுத்தார். "யாருண்ணே செத்தா?" என்று பதறினார்கள்.

"யாரும் சாவல. அதுக்குத்தான் இப்பவே கேக்கறேன்லா."

மாதா மாதம் முதலாளியும் கொஞ்சம், வேலையாளும் கொஞ்சம். நோய் வந்தாலும் வராவிட்டாலும் போட வேண்டும். யார் படுத்தாலும் டாக்டர் வருவார், படுத்த நாளுக்குப் பாதிக் கூலியும் உண்டு. சாகுமுன்னே துண்டு விரிப்பது அபசகுனம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அண்ணன் விடவில்லை.

நான் அந்தக் கடையிலேயே சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்க உட்கார்ந்தேன். அவருடைய மிஷினுக்குப் பக்கிரி என்று ஒரு புதுத் தையற்காரன் வந்தான். மழைக்காலத்தில் அவனுக்கும் அதே காய்ச்சல், அதே இருமல். ஆனால் அன்றே டாக்டர் வந்தார். பக்கிரி நிம்மதியாகப் படுத்தான், வீட்டுக்கு அரிசி வந்தது, தேறி எழுந்தான்.

அவன் திரும்பி வந்து மிஷினை மிதித்த சத்தம் கேட்டதும் நான் கடைக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் என்று பொய் சொல்லமாட்டேன். இவனுக்குக் கிடைத்தது என்னவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்றுதான் அழுதேன்.

அப்போது அவன் பெண்டாட்டி சோறு கொண்டு வந்தாள். நெற்றியில் பொட்டு, தலையில் பூ. "அக்கா, சாப்பிட்டீங்களா?" என்றாள். அவளைப் பார்த்ததும் மாதாவிடம் போட்ட சண்டை ஞாபகம் வந்தது. ஒருத்தியும் என்னைப் போல உட்காரக் கூடாது என்று கேட்டேனே. இவள் உட்காரவில்லை.

அந்த ஞாயிறு பூசைக்கு வந்தேன். வீட்டில் அவர் பாய் சுருட்டினபடியே இருக்கிறது. சர்வேசுரனுக்குத் தோத்திரம் என்று சொல்லும்போது இன்றும் அந்தப் பாய்தான் கண்ணில் நிற்கிறது. ஆனாலும் சொல்கிறேன். உங்கள் தெருவிலும் யாரோ இருமிக்கொண்டிருப்பார்கள். மாதாவை நம்பி வேண்டிக்கொள்ளுங்கள். வேண்டிவிட்டு, துண்டை இப்போதே விரியுங்கள்.