ஷீபா பெயரில் இனி யாரும் நுழையக் கூடாது

ஒரகடத்தில் வண்டிகளுக்கு பிரேக் செய்யும் கம்பெனி ஒன்று. எல்லப்பன் அங்கே ஸ்டோர்காரன். வருஷக்கணக்காக அவனுக்கு ஒரு எரிச்சல். ஒரு தரம் தப்பான போல்ட் லைனுக்குப் போய்விட்டது. அனுப்பியது யார் என்று கம்ப்யூட்டரைப் பார்த்தால் ‘ஸ்டோர்’ என்று இருந்தது. எல்லா ஷிப்டும் அந்த ஒரே பெயரில்தான் நுழையும். பாஸ்வேர்டு மானிட்டர் மேலேயே ஒட்டியிருக்கும். ஆள் அகப்படவில்லை, கண்ணெதிரே நின்ற எல்லப்பன் தலையில் கட்டினார்கள். வரவேண்டிய கிரேடு உயர்வு போனது போனதுதான்.

அதனால்தான் ஷீபா வந்ததும் அவளை விடாமல் சுற்றினான். லினக்ஸ் சிஸ்டம் பார்த்துக்கொள்ள கான்ட்ராக்டில் வந்தவள் அவள். சாத்தான்குளத்துப் பெண், சுங்குவார்சத்திரத்தில் ரூம். ஓரிடத்தில் நிற்கமாட்டாள், டீயைக்கூட நடந்துகொண்டே குடிப்பாள். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் ஓர் ஆளுக்குத் தனிக் கணக்கு.

“இன்னாமா, எனுக்கு எப்போ?”

“மொதல்ல உங்களுக்குத்தாண்ணே. இனி எதைத் தட்டினாலும் உங்க பேருதான் வரும், பாத்துக்கிடுங்க.”

“வரட்டும். அவன் செஞ்சது அவன் பேர்ல, நான் செஞ்சது எம் பேர்ல. அத்தானே கேக்கறேன்!”

கான்ட்ராக்ட் முடிந்த அன்று சூப்பர்வைசர் வெங்கடேசன் அவளை மறித்தான். “உன் பாஸ்வேர்டைக் குடுத்துட்டுப் போம்மா. புது ஆளுங்களை ஏத்தணும்ல?”

“அதுக்கு உங்க கணக்குலயே வசதி போட்டிருக்கேன் சார்.”

“அத்தையெல்லாம் யாரு கத்துக்கினு இருக்கறது? உன்னுதே இருக்கட்டும்.”

போன கம்பெனியிலும் இப்படித்தான் பாஸ்வேர்டை விட்டுவிட்டு வந்தாள். பிறகு யாரோ அவள் பெயரில் நுழைந்து ஃபைல்களை அழிக்க, அக்கா கல்யாணத்தில் நின்றவளுக்குப் போன் போட்டு மிரட்டினார்கள்.

அவள் நேரே எல்லப்பனிடம் வந்தாள்.

“அண்ணே, நான் வெளிய போற கேட்பாஸை கேட்டுல என் கணக்குலதான் பதிவாங்க. அது பதியுற வரைக்கும் என் கணக்கைப் பூட்ட முடியாது. பூட்டி வெளியேறுற வரியை அடிச்சு வச்சிட்டேன். நான் கேட் தாண்டினதும் என்டரை மட்டும் தட்டிடுங்க. யாரு எந்திரிக்கச் சொன்னாலும் எந்திரிச்சிராதீங்கண்ணே.”

எல்லப்பன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். நிம்மதியாக உட்காரத்தான் முடியவில்லை. ஜன்னல் வழியே கேட்டைப் பார்த்தான். செக்யூரிட்டி பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எல்லப்பா, எழுந்திரு. அந்தப் பொண்ணு ஐடில ஒரு வேலை கீது.” வெங்கடேசன் நாற்காலியைப் பிடித்தான்.

“இருங்க சார்.”

“இன்னாய்யா இருங்க?”

ஷீபாவின் நீலப் பை கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. எல்லப்பன் என்டரைத் தட்டினான்.