ஒன்பதாம் நம்பர் பூட்டு

நம்பினால் நம்புங்கள். இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்தவன் கண்ணுக்கு எது வேண்டுமானாலும் தெரியும் என்று என் மனைவியே சொல்லிவிட்டாள். ஆனால் இது நடந்தது பட்டப்பகலில், சாப்பிட்ட கை காய்வதற்குள். பார்த்தது நான் மட்டும் இல்லை.

சுண்ணாம்புப் பொடி கலக்கும் டிரம்முக்குள் இறங்கிச் சுரண்டுவது என் வேலை. இறங்கும் முன் மெயின் ஸ்விட்சை அணைத்து, அதில் அவரவர் பூட்டை மாட்ட வேண்டும். சாவி நம் பையில். நாம் வெளியே வரும்வரை யாரும் மிஷினை ஓட்ட முடியாது. சட்டம் அது. அந்தச் சட்டத்தைச் சோதிக்க மறுநாள் ஆபீசர் வருகிறார் என்று, எங்கள் பூட்டுகளை எல்லாம் வாங்கிக்கொண்டு மஞ்சள் பெயிண்ட் அடித்து, ஆபீஸ் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆள் இல்லாத நம்பர்கூட அழகுக்குத் தொங்கியது.

"பூட்டு இல்லாம எப்படி சார் இறங்குறது?"

"கால்மணி நேர வேலைக்குப் பூட்டா? உன்னை யாரு தூக்கிட்டுப் போகப்போறா?" என்றார் சூப்பர்வைசர்.

மனைவியின் தம்பியும் அங்கேதான் வேலை. அவனை ஸ்விட்ச் பக்கத்தில் காவல் வைத்தேன்.

"தூங்கிடாதடா."

"நின்னுக்கிட்டே தூங்குறது நீங்கதான் மாமா."

உள்ளே பகலும் இருட்டுதான். சுரண்டினேன். சர்... சர்... தோள் விட்டுப்போனது. நிறுத்தினேன்.

சர்... சர்...

எதிரொலி என்று நினைத்தேன். அசதியில் வேறென்ன நினைக்க?

பக்கத்தில் யாரோ மூச்சு இழுத்தார்கள். பொடி அடைத்த மூச்சு.

"போயிரு..."

வெளியே, டக். டக். ஸ்விட்ச் கைப்பிடியை யாரோ இழுக்கிறார்கள்.

டிரம் அசையவில்லை.

எப்படி வெளியே விழுந்தேனோ. சூப்பர்வைசர் கைப்பிடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மச்சானை மூட்டை தூக்க அனுப்பியது அவர்தான். அவனும் அப்போதுதான் ஓடிவந்தான்.

"நீ... வெளிய ஏறிட்டேன்னு நெனச்சேன்யா" என்றார் சூப்பர்வைசர்.

ஸ்விட்சில் ஒரு பூட்டு. மஞ்சள். ஒன்பது.

மூன்று பேரும் பார்த்தோம். யாரும் தொடவில்லை. க்ளிக். தானாகத் திறந்துகொண்டது.

ஆபீசுக்கு ஓடினோம். கண்ணாடிப் பெட்டி பூட்டியபடியே இருந்தது. உள்ளே ஒன்பதாம் ஆணி காலி.

சாயங்காலம், கூட்டிப் பெருக்கும் அக்காவிடம் சொன்னேன். துடைப்பம் நின்றது.

"ஒம்பது எங்க வீட்டுக்காரரு நம்பருப்பா. அந்த டிரம்முலதான் போனாரு. அதுக்குத்தான் எனக்கு இந்த வேலை குடுத்தாங்க. அன்னைக்கும் மறுநாள் ஆபீசர் வர்றதா இருந்துச்சு. அவரு பூட்டு பெயிண்ட் காஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

"சாவி?"

"எங்க வீட்டு ஆணியில தொங்குது. ஒரே சாவிதான். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

துடைப்பத்தைக் கைமாற்றிப் பிடித்தார்.

"உனக்காவது போட்டாரே" என்று சொல்லிவிட்டுக் குனிந்து பெருக்கத் தொடங்கினார்.

சர்... சர்...