தூறலில் ஓடிய நாய்

இன்று காலை ஜெனரல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸை எதிர்பார்த்துப் படப்பையில் நின்றிருந்தோம். தூறல் பிடித்ததும் பன்னிரண்டு பேரும் ஒரு டிவி கடை ஓரமாக ஒதுங்கினோம்.

கண்ணாடிக்கு உள்ளே புது டிவியில் பழைய கார்ட்டூன் ஒன்று ஓடியது. ஒரு குண்டு ஆள் வலையோடு நாயைத் துரத்துகிறான்; தன் வலையில் தானே விழுகிறான். சத்தம் வெளியே கேட்கவில்லை. கண்ணாடியில் மழைத்துளி வழிய வழிய, அந்த நாய் எங்கள் மழையில்தான் ஓடுகிறது என்று தோன்றியது.

பஸ் வந்து ஹாரன் அடித்தது யாருக்கும் உறைக்கவில்லை.

டிரைவர் இறங்கி வந்தார். "இன்னாபா, ஏறப் போறீங்களா இல்லியா?" என்று கத்தியவர், எங்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"ஐய, கதவுல மோதிக்கப் போறான் பாரு!"

அவரும் நின்றுவிட்டார்.

அப்புறம் அவருக்கே திடுக்கென்று நினைவு வந்து, படம் முடிவதற்குள் எங்களை பஸ்ஸுக்குள் தள்ளினார்.

கம்பெனியில் அசெம்பிளி லைனில் சூபர்வைசர் காத்திருந்தார். "எல்லாருமே லேட்டு. இன்னா காரணம்?"

கான்ட்ராக்டில் இருக்கும் எங்களில் யாரை பர்மனன்ட் செய்வது என்று அவர் எழுதிக் கொடுக்கும் மாதம் இது. அதிகம் பேசாத சிவகங்கைக்காரன் முத்துதான் வாய் திறந்தான்.

"ஒரு நாய் குறுக்க வந்துருச்சு சார்."

சூபர்வைசரின் முகம் இளகிவிட்டது. "ஐயோ, அதுக்கு ஒண்ணும் ஆவலியே?"

பன்னிரண்டு பேருக்கும் பதில் தெரியவில்லை. "சரி, போய் வேலையைப் பாருங்க" என்று விட்டுவிட்டார்.

சாயங்காலம் வரை ஸ்க்ரூ முடுக்கிய கைகளுக்கு நடுவே அந்த நாய் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தக் கார்ட்டூனை முழுசாகப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், நாய் தப்பித்ததா? நாளைக்கும் சூபர்வைசர் கேட்பார் போலிருக்கிறது.