தட்டுச் சத்தம் கேட்டால்

துபாயில் நான் இருந்த தொழிலாளர் கேம்ப்பில் மாதம் ஒருமுறை மணி அடிப்பார்கள். தீப்பிடித்ததாக வைத்துக்கொண்டு, லுங்கியோ துண்டோ இடுப்பில் இருப்பதோடு எல்லோரும் ஓடிப்போய் மைதானத்தில் நிற்க வேண்டும். சூப்பர்வைசர் லிஸ்ட்டைப் பார்த்து ஒவ்வொருவராக எண்ணுவார். வேலை முடிந்து வந்த களைப்பில் இது என்னடா கூத்து என்று நானே எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

வீட்டிலிருந்து அந்தக் கடிதம் வந்த பிறகுதான் வாயை மூடினேன். தொண்ணூறுகளின் கடைசி அது. பசுமலையில் நான் கட்டிய வீட்டில் மனைவியும், ஆறாவது படித்த மகளும், இரண்டாவது படித்த மகனும் மட்டும் இருந்தார்கள். கேஸ் ட்யூப் கசிந்து அடுப்படியில் குப்பென்று பற்றியதையும், பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கியதையும், யார் வீட்டில் காதுகுத்து, யாருக்குப் பிள்ளை பிறந்தது என்பதற்கெல்லாம் நடுவில் நாலே வரியில் மனைவி எழுதியிருந்தாள். கடிதம் வந்து சேரப் பதினைந்து நாள். தீப்பிடித்த அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, அங்கே வார லீவு. ரூமில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தேன். என்னையே செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

அன்றே உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் ஒத்திகை. மனைவி எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடிக்க வேண்டும். மகள் தம்பியின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கிரில் கேட்டுச் சாவியைத் திருடனுக்குப் பயந்து அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைக்கக் கூடாது, வாசலுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்க வேண்டும். தெருமுனை விளக்குக் கம்பத்தடியில் போய் நின்று எண்ண வேண்டும். எதை எடுக்கவும் யாரும் திரும்பி உள்ளே போகக் கூடாது. வீட்டின் படத்தையும் ஸ்கேல் வைத்து வரைந்து அனுப்பினேன்.

அடுத்து போனில் பேசியபோது மனைவி சிரித்தாள். "நீங்க போட்ட படத்த நம்பிப் பின்வாசலுக்கு ஓடுனா பாத்ரூம் செவுத்துலதான் போயி முட்டணும். அங்கிட்டு வாசல அடச்சு ரெண்டு வருஷம் ஆச்சு."

நானும் சிரித்து வைத்தேன். போனை வைத்த பிறகு வெகு நேரம் அந்த பூத்திலேயே நின்றேன். சொந்த வீட்டுக்கு எத்தனை வாசல் என்று தெரியாத ஆள் நான்.

மறு வருடம் ஒரு மாத லீவில் வந்தேன். வந்த முதல் ஞாயிறு காலை, முகத்தில் சோப்பு நுரையோடு பாத்ரூமில் நிற்கிறேன், தட்டு அலறியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம் பிள்ளைகள் எப்படிச் செய்கிறார்கள் பார்ப்போம் என்று வெளியே வருவதற்குள் வீடு காலி. டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, ஆள் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மூன்று பேரும் கம்பத்தடியில். மகன் விரல் விட்டு எண்ணினான். மூன்று வரை எண்ணிவிட்டு, "எல்லாரும் வந்தாச்சு!" என்று கத்தினான். மூவரும் கைதட்டினார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. அவர்கள் உள்ளே வந்ததும் எரிந்து விழுந்தேன். "அப்ப நான் உள்ள கெடந்து வெந்தாலும் ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல, அப்படித்தான?"

மகன் மிரண்டு போய் அக்காவின் பின்னால் ஒதுங்கினான். "எழுதுனது நீங்கதான? பிள்ளைகள எதுக்கு வையிறீங்க?" என்றாள் மனைவி. மகள் அலமாரியிலிருந்து என் கடிதத்தை எடுத்து வந்து நீட்டினாள். மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. என் கையெழுத்தில்தான் இருந்தது: மூன்று பேரும் வந்துவிட்டார்களா என்று எண்ணவும். எழுதும்போது என்னைச் சேர்க்க எனக்கே தோன்றவில்லை. நுரை காய்ந்து முகம் இழுத்தது.

"நாலுன்னு மாத்திரவாப்பா?" மகள் பேனாவைத் திறந்துவிட்டாள்.

சரி என்று சொல்லத்தான் நினைத்தேன், ஆசையாகவும் இருந்தது. ஆனால் மகனைப் பார்த்தேன். ஒரு மாதத்தில் நான் போய்விடுவேன். பிறகு ஒருநாள் நிஜமாகவே புகை வந்து, இவன் கம்பத்தடியில் நின்று எண்ணி, நாலுக்கு ஒன்று குறைந்தால்? பதற்றத்தில் நான் ஊரில் இல்லை என்பது இவனுக்கு நினைவிருக்குமா? அப்பா என்று கத்திக்கொண்டு திரும்ப உள்ளே ஓடினாலும் ஓடுவான். அவனுக்குக் கால் வேகம், புத்தி பின்னால்தான் வரும்.

"வேணாம் தாயி. மூணாவே இருக்கட்டும்" என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். அவள் பேனாவை மூடினாள். மனைவி அடுப்படிக்குள் போனாள். அங்கே பாத்திரம் எதுவும் உருளவில்லை, தண்ணீர்ச் சத்தமும் கேட்கவில்லை.

லீவு முடிகிற வாரத்தில் மறுபடி ஒத்திகை வந்தது. தட்டுச் சத்தம் கேட்டதும் இந்த முறை நானும் ஓடிப்போய் கம்பத்தடியில் அவர்களோடு நின்றேன். மகன் எண்ணினான். அம்மா ஒன்று, அக்கா இரண்டு, தன் நெஞ்சைத் தொட்டு மூன்று. விரல் என் பக்கம் திரும்பி அந்தரத்தில் நின்றது. என் முகத்தைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவன் விரலை மடக்கிக்கொண்டு, "எல்லாரும் வந்தாச்சு" என்றான்.