கல் குத்தும்போதெல்லாம் திட்டியவர்

பிரதமர் சுடப்பட்ட அன்று நான் கிரிவலப் பாதையில் இருந்தேன், ஒரு வழுக்கைத் தலைக்காரரோடு. வழியில் வந்து ஒட்டிக்கொண்டவர். வெறுங்காலில் கல் குத்தும்போதெல்லாம், "எல்லாம் அந்தம்மா ஆட்சிங்க" என்று பிரதமரைத் திட்டுவார்.

மலையைக் கால்வாசி சுற்றியிருப்போம். டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துக்கொண்டே, "பிரதமரம்மாவைச் சுட்டுக் கொன்னுட்டாங்களாம்" என்றார்.

என்னோடு வந்தவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"திரும்பிடலாமா?" என்றேன்.

"பாதியில திரும்பக் கூடாதுங்க" என்று நடந்தார்.

"இவ்ளோ நேரம் அவங்களைத்தானே திட்டினீங்க?"

"ஆமாங்க. இனிமே யாரைத் திட்றது?"

கற்கள் மட்டும் குறையவில்லை. ஒவ்வொன்றுக்கும் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். கோபுர வாசலை நெருங்கும்போது ஒரு கல் நன்றாகக் குத்திவிட்டது. தாங்க முடியாமல் என்னைத் திட்டினார்.

நாட்டுக்காக நானும் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.